பேபி பொறக்குறதுக்கு முன்னாடியே மெடிக்கல் கார்டு வேலைய ஆரம்பிச்சிருங்க

மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரி பில் கட்டுற இன்சூரன்ஸ், அத பேபி பொறந்த பிறகு பார்த்துக்கலாம்னு இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா இங்க மலேசியாவுல பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனி பேபிக்கு 14 நாள், 15 நாள், சில கம்பெனி 30 நாள் ஆன பிறகுதான் ஃபாரமே எடுப்பாங்க. கார்டு அப்ரூவ் ஆனாலும் நோய்க்கு 30 நாள் வெயிட்டிங் பீரியட் இருக்கு, குறிப்பிட்ட சில நோய்க்கு 120 நாள், எக்சிடெண்ட்டுக்கு மட்டும்தான் உடனே வேலை செய்யும். கணக்கு போட்டு பாருங்க, மொத ஒன்றரை மாசம் பேபிக்கு கையில ஒண்ணுமே இல்ல. ஆனா கொற மாசத்துல பொறக்குறது, மூச்சு திணறல், மஞ்சக்காமாலை, இன்ஃபெக்‌ஷன், இதெல்லாம் வர்றதே அந்த மொத சில வாரத்துலதான்.

அம்மாவோட கார்டு பேபியையும் சேர்த்து பார்த்துக்கும்னு நெறைய பேர் நெனச்சிக்கிட்டு இருக்காங்க, பார்க்காது. சாதாரண மெடிக்கல் கார்டுல பிரசவமே கவர் கிடையாது, அதோட பேபி பொறந்ததும் அதுக்குன்னு ஆஸ்பத்திரில தனி பேர், தனி பில் ஓடும். பிரைவட்ல என்ஐசியூல, அதாவது பச்சப் பிள்ளைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, வச்சாங்கன்னா ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) போயிரும்.

அதனாலதான் வயித்துல இருக்கும்போதே எடுக்குற ப்ரீநேட்டல் பிளான் இருக்கு. பெரும்பாலும் 14 வாரத்துல இருந்து 35 வாரம் வரைக்கும் எடுப்பாங்க, கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், அம்மா வயசும் பார்ப்பாங்க. ட்வின்ஸ், ஐவிஎஃப்னா மொதல்லயே சொல்லிட்டு கேளுங்க, சில பிளான்ல ஏத்துக்க மாட்டாங்க. டீட்டெய்ல் ஸ்கேன் 20 வாரத்துக்கு மேல எடுப்பாங்க, அதுல ஏதாவது தெரிஞ்ச பிறகு போய் அப்ளை பண்ணா தள்ளிப் போடுவாங்க, இல்லாட்டி அந்த பிரச்சனைய மட்டும் ஒதுக்கிட்டு கொடுப்பாங்க, அதனால சீக்கிரமா பேச ஆரம்பிக்கிறதுதான் நல்லது. ஏஜென்ட்கிட்ட இந்த கேள்விங்கள திரும்பத் திரும்ப கேளுங்க: பேபி பொறந்து எத்தனாவது நாள்ல இருந்து ஆஸ்பத்திரி பில் கட்டுவீங்க, பொறவியிலயே வர்ற குறைக்கு என்ன கவர், எவ்வளவு வரைக்கும்? ப்ரீநேட்டல் எடுத்தாலும் சில பிளான்ல மெடிக்கல் கார்டு பகுதி மட்டும் பொறந்து சில நாள் கழிச்சுதான் ஓடும். வாய்ல சொல்றத நம்பாம பாலிசி புக்குல எந்த பக்கம்னு காட்ட சொல்லுங்க, தப்பே இல்ல.

அந்த காசு இப்ப முடியலன்னா கவலைப்படாதீங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில பிரசவம் பார்க்கலாம். கேஎல்ல துங்கு அஸிஸா, இங்க பினாங்குல ஜிஎச் (பெரிய ஆஸ்பத்திரி), அக்கரையில செபராங் ஜெயா. குடிமக்களுக்கு மூணாங்கிளாஸ் வார்டு நாளைக்கு 3 வெள்ளிதான். அம்மா இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னா ரேட் வேற, புக்கிங் போடும்போதே கேட்டு வச்சிக்கோங்க. தடுப்பூசிக்கு கார்டு பில் கட்டாது, க்ளினிக் கெசிஹாத்தான்ல (கவர்மென்ட் க்ளினிக்) ஃப்ரீயா போடுவாங்க, அங்கயே போங்க.

பொறந்ததும் மொத வேலை சூராட் பெரானாக், அதாவது பிறப்பு சர்டிஃபிகேட். ஜேபிஎன்ல (பதிவு இலாகா) 60 நாளைக்குள்ள பதியணும்னு டைம் இருக்கு, ஆனா அதுவரைக்கும் இழுக்காதீங்க, அந்த சர்டிஃபிகேட் நம்பர் இல்லாம இன்சூரன்ஸ் ஃபாரம் நகராது.

இப்ப அந்த ஃபாரம் பத்தி, இதுதான் ரொம்ப முக்கியம். எத்தன வாரத்துல பொறந்துச்சு, எடை எவ்வளவு, இன்குபேட்டர்ல வச்சாங்களா, மஞ்சக்காமாலைக்கு லைட்டுல வச்சாங்களா, ஜி6பிடி (பொறந்ததும் எடுக்குற ஒரு ரத்த டெஸ்ட்) ரிசல்ட் என்னன்னு கேப்பாங்க. பதில் எல்லாம் பேபி புக்குலயே இருக்கும். பக்கத்துல வச்சிக்கிட்டு அதப் பார்த்தே எழுதுங்க. என் நாத்தனார் பேபிக்கு பட்டர்வொர்த்துல குனிங் (மஞ்சக்காமாலை) ஏறி லைட்டுல படுக்க வச்சாங்க, கண்ணுக்கு வெள்ள துணி கட்டி ரெண்டு கையையும் விரிச்சு தூங்குது பிள்ள, இதெல்லாம் எழுதணுமான்னு அவங்க தயங்குனாங்க. எழுதுங்கண்ணி, டிஸ்சார்ஜ் லெட்டரையும் சேர்த்து கொடுங்கன்னு சொன்னேன், குனிங் குறைஞ்ச ரீடிங்கோட அவங்களும் கொடுத்தாங்க, அப்ரூவ் ஆயிருச்சு. சின்ன விஷயம் எழுத வேணாம்னு ஏஜென்ட்டே சொன்னாலும் கேக்காதீங்க, நாளைக்கு க்ளெய்ம் போகும்போது கம்பெனி ஆஸ்பத்திரி ரெக்கார்ட எடுத்து பார்க்கும், அப்ப பணம் கொடுக்க மாட்டேன்னு சொன்னா மாட்டிக்கிறது நீங்கதான்.

வேலை செய்யிற இடத்துல குரூப் இன்சூரன்ஸ் இருந்தா எச்ஆர்கிட்ட பிள்ளைய சேர்க்க எத்தன நாள் டைம்னு இப்பயே கேளுங்க, சில எடத்துல தவறிட்டா அடுத்த ரினியூவல் வரைக்கும் காத்திருக்கணும். ஆனா வேலைய விட்டா அந்த கார்டும் போயிரும், அத மட்டும் நம்பி இருக்க வேணாம்.

பிளான் எடுக்கும்போது வருஷ லிமிட் எவ்வளவுன்னு பாருங்க, ரூம் ரேட்ட விட அதுதான் பெருசு. 2024 செப்டம்பர்ல இருந்து எல்லா கம்பெனியும் கோ-பேமண்ட் உள்ள பிளானும் வச்சிருக்கணும்னு பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) ரூல் போட்டிருக்கு, அதுல மாசம் கட்டுறது குறையும், ஆனா பெரும்பாலான பில்லுல ஒரு பங்கு நம்ம பாக்கெட்ல இருந்து போகும். சின்ன பிள்ளைங்க காய்ச்சல், வயித்துப்போக்குன்னு அடிக்கடி வார்டு போகும், என்னக் கேட்டா மொத சில வருஷத்துக்கு கோ-பேமண்ட் இல்லாததே எடுங்க, முடிஞ்சா. கட்டுற காசுக்கு டேக்ஸ்ல கழிவு உண்டு, படிப்பு, மெடிக்கல் இன்சூரன்ஸ் ரெண்டும் சேர்த்து 2025 வரி வருஷத்துல இருந்து 4,000 வெள்ளி வரைக்கும், ரசீத வச்சிருங்க.

பாலிசி கைக்கு வந்ததும் 15 நாள் ஃப்ரீ லுக் இருக்கு, அதுக்குள்ள பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாம். பேபி தூங்குற நேரத்துல எக்ஸ்க்ளூஷன் (எதுக்கெல்லாம் கவர் இல்லன்னு சொல்ற) பக்கத்த மட்டுமாவது முழுசா படிச்சிருங்க. பின்னாடி க்ளெய்ம் தகராறு வந்தா மொதல்ல கம்பெனிக்கு எழுத்துல கம்ப்ளைன் போடுங்க, அவங்க பதில் சரியில்லன்னா எஃப்எம்ஓஎஸ்னு இன்சூரன்ஸ், பேங்க் தகராறு பார்க்குற அமைப்பு இருக்கு, 2025 ஜனவரில இருந்து இன்சூரன்ஸ் புகாரெல்லாம் அங்கதான் போகுது, நமக்கு செலவு கிடையாது.