முன்சக்கர இழுவைக் காரில் ஸ்டியரிங் இழுத்தால்

நாவற்குழிப் பாலம் தாண்டி இரண்டாம் கியரில் அக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால், என் டேர்போ கார் ஒரு பக்கம் இழுக்கும். இதுதான் டோர்க் ஸ்டியர். எஞ்சின் குறுக்காக இருக்கும் பல கார்களில் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டுகளான டிரைவ் ஷாஃப்ட்டில் ஒன்று நீளம், மற்றது கட்டை. இரண்டும் ஒரே கோணத்தில் நிற்காததால், திடீரென்று விசை ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பப் பார்க்கும்.

மிதிக்காமல் சீராக ஓடும்போதும் இழுக்கிறதா? அது வேறு பிரச்சினை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), பிரேக், வீதிச் சரிவு எல்லாம் பாருங்கள்.

மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், முதலில் ரயர். முன் இரண்டும் ஒரே வகை, ஒரே தேய்மானம், ஒரே காற்றளவு. நான் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஒரு மாதம் அவதிப்பட்டேன். அப்புறம் காரைத் தூக்கி, லோவர் ஆம் புஷ்ஷை (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்து நடுக்குழாய் ஆடினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றவேணும். எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்டிலும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வளைவில் சக்கரம் திரும்பியிருக்கும்போது முழுதாக மிதிக்காதீர்கள். நேரானதும் மெல்ல மெல்ல அழுத்துங்கள். இழுத்தால் இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.