டொராண்டோ போகிறவர்களே, டவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

சென்னையிலிருந்து டொராண்டோ போய் வருகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சி.என். டவர், நயாகரா, அப்புறம் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மால். ஒரு மாதம் தங்கிவிட்டு இவ்வளவுதான் பார்த்தோம் என்று சொல்வதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கும். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த நகரத்தில் வசிப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேறு நாடுகளில் பிறந்து அங்கே குடியேறியவர்கள். ஒவ்வொரு கூட்டமும் வந்து ஊன்றிய தெரு, கடை, கோயில், சாப்பாடு எல்லாம் தனித்தனியாக இருக்கிறது, அதைப் பார்க்க டிக்கெட்டும் வேண்டாம்.

முதலில் விசா. சாதாரண விசிட்டர் விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, கைரேகைக்கும் போட்டோவுக்கும் சென்னை வி.எஃப்.எஸ். விசா மையத்துக்குப் போனால் போதும். விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. ஒருமுறை கொடுத்த கைரேகை 10 வருஷம் செல்லும். அமெரிக்க விசா கையில் இருந்தாலும் கனடாவுக்குத் தனியாக வாங்கியே ஆகவேண்டும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் என்றால் சூப்பர் விசா பற்றியும் விசாரியுங்கள், அதில் ஒரே தடவையில் 5 வருஷம் வரை தங்கலாம், ஆனால் மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டாயம் இல்லாத சாதாரண விசாவிலும் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறவே ஏறாதீர்கள். அங்கே அரசு மருத்துவம் இலவசம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தான். நமக்கு எல்லாம் காசு, அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ டெல்லி போயோ மாற வேண்டும். மாறும் ஊரில் டிரான்சிட் விசா வேண்டுமா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள்.

பெட்டி கட்டும்போது ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் வைப்பீர்கள், சரி, ஆனால் இறங்கியதும் சுங்கத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் அந்தப் பொருளை எடுத்துக்கொள்வார்கள், மறைத்துப் பிடிபட்டால் அபராதம். இறைச்சி, பழம், செடி, விதை வகையறாக்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், அதனால் நம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. போன் சார்ஜருக்குத் தட்டைமுள் அடாப்டர் மட்டும் போதும்.

எப்போது போவது? முதல் தடவை என்றால் மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஆசையிருந்தால் அக்டோபர் முதல் பாதி. ஜனவரியில் வயதானவர்களை அழைத்துப் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன், ஊரைப் பார்க்கப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

பியர்சன் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு யு.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷனில் கொண்டுவிடும். நகரின் கிழக்கே உள்ள ஸ்கார்பரோ பக்கம் போகிறவர்கள், பெரிய பெட்டிகள் இருந்தால், டாக்ஸியோ சொந்தக்காரர் காரோதான் சரி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டொராண்டோவில் சப்வே, பஸ், ஸ்ட்ரீட்கார் என்று அழைக்கப்படும் டிராம் எல்லாமே டி.டி.சி. என்ற ஒரே அமைப்பின் கீழ் ஓடுகின்றன. பிரெஸ்டோ என்ற பயணக் கார்டையோ, தட்டிக் கட்டும் வசதியுள்ள விசா, மாஸ்டர் கார்டையோ ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம், எந்தத் திசையிலும் போகலாம், ஒரே கட்டணம். ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அதே கார்டைத்தான் தட்ட வேண்டும். 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். இந்த 2 மணி நேரம் இருக்கிறதே, அதை வைத்துத்தான் நான் ஊர் பார்க்கச் சொல்கிறேன்.

506 என்று போட்ட ஸ்ட்ரீட்காரில் மேற்கே ஹை பார்க்கில் ஏறுங்கள். டோக்கியோ மக்கள் 1959-ல் நன்றியாக அனுப்பிய செர்ரி மரங்கள் உள்ள பூங்கா அது, ஏப்ரல் கடைசி மே முதலில் பூக்கும். அங்கிருந்து கிழக்கே வந்தால் காலேஜ் தெருவில் இத்தாலியர்கள் உருவாக்கிய பகுதி, அப்புறம் ஸ்பதைனா சந்திப்பு, பல்கலைக்கழகம், நகர மையம், பிராட்வியூ பக்கத்தில் இரண்டாவது சைனாடவுன், அதையும் தாண்டினால் ஜெரார்ட் தெரு இந்தியக் கடைவீதி. 1970களின் தொடக்கத்தில் ஒரு பழைய தியேட்டரை எடுத்து இந்தியப் படங்கள் ஓட்ட ஆரம்பித்தார்கள், படம் பார்க்க வந்த கூட்டத்தை நம்பிச் சேலைக்கடையும் பலகாரக்கடையும் வந்தன, அப்படி வளர்ந்த வீதி அது. கிளம்பும் முன் கூகுள் மேப்பைப் பாருங்கள், தண்டவாள வேலை நடந்தால் வண்டி சுற்றுவழியில் போகும். ஒரு எச்சரிக்கை: பல இடங்களில் ஸ்ட்ரீட்கார் நடுச்சாலையில் நிற்கும், இறங்கினால் கார் ஓடும் பாதையில்தான் கால் வைப்பீர்கள். கார்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம், இருந்தாலும் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலதுபுறம் ஓடுவதால் தெருவைக் கடக்கும்போது நம் பழக்கத்தால் தப்பான பக்கம்தான் முதலில் பார்ப்போம்.

இன்னொரு நாள் 510 ஸ்பதைனா ஸ்ட்ரீட்கார். கென்சிங்டன் மார்க்கெட்டில் இறங்கி நடங்கள். முதலில் யூதர்களின் சந்தையாக இருந்து, பிறகு போர்ச்சுகீசியர், கரீபியர், சீனர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து கடை போட்ட சின்னச் சின்னத் தெருக்கள். அதே வண்டியில் தெற்கே போனால் ஏரிக்கரை, அங்கிருந்து படகேறி தீவுகளுக்குப் போகலாம். டொராண்டோவின் உயரக் கட்டடங்களை மொத்தமாகப் பார்க்க அந்தத் தீவுதான் சரியான இடம், 553 மீட்டர் டவரின் உச்சியில் நின்றால் அந்த டவரே தெரியாதே.

ஸ்கார்பரோவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வார்டன் ஸ்டேஷனிலிருந்து 102 பஸ் மார்க்கம் ரோடு நெடுகப் போகும். தமிழில் எழுதிய பெயர்ப்பலகைகள், நகைக்கடை, புடவைக்கடை, டேக்-அவுட் கடைகள். கொத்து ரொட்டி, மட்டன் ரோல்ஸ், இடியப்பமும் சொதியும் சம்பலும் அங்கே சாப்பிடுங்கள். சரவண பவன் அங்கேயும் இருக்கிறது, ஆனால் தி.நகரில் கிடைப்பதை அங்கே போய் ஏன் தேட வேண்டும்? ஆகஸ்ட் கடைசியில் போனால் அதே மார்க்கம் ரோட்டை அடைத்துத் தமிழர் தெருவிழா நடக்கும், தேதி பார்த்துப் பயணத்தை வையுங்கள்.

அங்கே இருக்கும் தமிழர்களில் மிகப்பெரும்பாலோர் ஈழத்தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். 1986-ல் 150-க்கு மேற்பட்டவர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் தத்தளித்து மீனவர்களால் காப்பாற்றப்பட்ட கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் கடைக்காரரிடம் பேச ஆரம்பித்ததும் எப்போது வந்தீர்கள், வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று விசாரணை வேண்டாம், அவர்கள் பேச்சைச் சினிமாவில் கேட்டதுபோல் பேசிக்காட்டவும் வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தது அண்ணா என்று சொல்லுங்கள், மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், அவர்களாகவே உட்கார்ந்து பேசுவார்கள்.

பண விஷயத்தில் ஒன்று. நம் எம்.ஆர்.பி. மாதிரி இல்லை, விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போது 13 சதவீதம் ஏறும். அரிசி, பால், காய்கறிக்கு அது கிடையாது. மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வழக்கம், பார்சல் வாங்கினால் கார்டு மெஷின் கேட்டாலும் பூஜ்யம் போடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

நடந்து களைத்தால் பக்கத்தில் இருக்கும் பொது நூலகத்துக்குள் போய்விடுங்கள். நகரத்தில் 100 கிளைகள், உள்ளே போக அட்டை எதுவும் கேட்கமாட்டார்கள், கழிப்பறை, வைஃபை, உட்கார இடம் எல்லாம் உண்டு, சில கிளைகளில் தமிழ்ப் புத்தக அலமாரியே இருக்கிறது. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

நயாகராவையும் விடவேண்டாம். யூனியனிலிருந்து கோ என்ற புறநகர் ரயில் போகும், ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு உள்ளூர் பஸ் பிடிக்க வேண்டும். கனடா பக்கத்திலிருந்து பார்க்க அமெரிக்க விசா தேவையில்லை, அருவியின் முழு முகமும் இந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும். குளிர்காலத்தில் அருவிக்குப் பக்கத்தில் போகும் சுற்றுலாப் படகு ஓடாது. இருட்டியதும் அருவிமேல் வண்ண விளக்கு போடுவார்கள், அதையும் பார்க்க வேண்டுமென்றால் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.