கஞ்சிக்கோட்டிலிருந்து எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்கு: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கம் இருந்து பொறியியல் முடித்தவர்களில் பாதிப்பேர் பாலக்காட்டின் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் வேலை பார்ப்பார்கள், மீதிப்பேர் கோவைக்குப் போய்வருவார்கள். இப்படி எல்லையின் இரு பக்கமும் பிழைப்பு இருக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் போன்ற உரிமங்களை அந்தந்த மாநில லைசென்சிங் போர்டுதான் தருகிறது. பி.இ.இ. எனப்படும் மத்திய எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் எனர்ஜி மேனேஜர் (ஆலையின் ஆற்றல் பயன்பாட்டை நிர்வகிப்பவர்), எனர்ஜி ஆடிட்டர் (அதைத் தணிக்கை செய்பவர்) சான்று அப்படியல்ல. தேர்வு நாடு முழுக்க ஒன்றே, வாளையார் செக்போஸ்டின் இரு பக்கமும் அதே சான்று செல்லும். அந்தத் தேர்வை முதன்முறையாக எழுதப்போகிறவர்களுக்கான விளக்கம் இது.

முதல் படி: தகுதியையும் பெயரையும் சரிபாருங்கள்

பி.இ. அல்லது பி.டெக். முடித்தவருக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும். எம்.இ. முடித்தவருக்கு 2 ஆண்டு, டிப்ளமோ முடித்தவருக்கு 6 ஆண்டு. இயற்பியல், வேதியியல், எலக்ட்ரானிக்ஸ் முதுகலை முடித்தவர்கள் 3 ஆண்டு அனுபவத்தோடு எழுதலாம்.

எந்த வேலையும் அனுபவமாகிவிடாது. ஆற்றல் பயன்பாட்டோடு தொடர்புள்ள இயக்கம், பராமரிப்பு, திட்டமிடல் போன்ற வேலையாக இருக்க வேண்டும். நிறுவனத்தில் கடிதம் கேட்கும்போது "இன்னார் இங்கே பணிபுரிகிறார்" என்ற ஒற்றை வரியோடு வாங்கி வராதீர்கள். பாய்லர், கம்ப்ரசர், டிரான்ஸ்ஃபார்மர், ஃபர்னஸ் என்று எதைக் கவனித்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் பகுதிக்காரர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. கேரளத்தில், பட்டம் தமிழ்நாட்டில் என்று இருப்பவர்களுக்கு ஒரு சான்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இவற்றை எடுத்து வைத்துப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு வாரங்கள் ஆகும்.

இரண்டாம் படி: தாள்களைப் புரிந்துகொள்ளுங்கள்

எனர்ஜி மேனேஜருக்கு மூன்று தாள், எனர்ஜி ஆடிட்டருக்கு நான்கு. முதல் தாள் ஆற்றல் மேலாண்மையின் பொது அம்சங்கள், இரண்டாவது வெப்பச் சாதனங்கள், மூன்றாவது மின் சாதனங்கள். இவை ஒவ்வொன்றும் 150 மதிப்பெண், 3 மணி நேரம். 1 மதிப்பெண் கொள்குறி வினா 50, 5 மதிப்பெண் வினா 8, 10 மதிப்பெண் வினா 6. நான்காம் தாள் சாதனங்களின் செயல்திறனை மதிப்பிடுவது. 100 மதிப்பெண், 2 மணி நேரம், புத்தகம் வைத்துக்கொண்டு எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாக 50% எடுக்க வேண்டும். ஒன்றில் 90% எடுத்து இன்னொன்றில் 45% எடுத்தால், அந்த 45% தோல்விதான்.

விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். மையமும் கட்டணமும் அதில்தான் இருக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தேர்வில் தேறியவர் சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர். சட்டப்படி கட்டாயமான தணிக்கையைச் செய்ய, அதற்கு மேல் அனுபவம் காட்டி பி.இ.இ.யிடம் தனி அங்கீகாரம் பெற வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாம் படி: அலகுகள் கையில் வரட்டும்

பி.இ.இ. வெளியிட்ட நான்கு வழிகாட்டி நூல்களையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் பாதியில் களைத்துப்போகிறார்கள். இது அடிப்படையில் கணக்குத் தேர்வு. வாசித்துப் புரிந்த கணக்கும் கையால் போட்ட கணக்கும் ஒன்றல்ல. முதல் வாரம் முழுக்க அலகுகளுக்கே கொடுங்கள்.

1 கிலோவாட்-மணி என்பது 860 கிலோ கலோரி, 3,600 கிலோ ஜூல். 1 டன் குளிர்பதனம் என்பது மணிக்கு 3,024 கிலோ கலோரி, அதாவது 3.517 கிலோவாட். 1 டன் எண்ணெய்ச் சமம் என்பது 1 கோடி கிலோ கலோரி. 1 கிலோ கலோரி 4.187 கிலோ ஜூல். இவை யோசிக்காமல் வர வேண்டும். வழிமுறை சரியாக இருந்து விடை தப்பிப்போகும் இடங்களில் பெரும்பாலும் கிலோ கலோரியும் கிலோ ஜூலும் ஒரே வரியில் கலந்திருக்கும், அல்லது மணிக்குள்ள அளவும் நொடிக்குள்ள அளவும் கலந்திருக்கும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதியே பழகுங்கள்.

நான்காம் படி: ஒரு அரிசி மில்லை எடுத்துக்கொண்டு இரண்டாம் தாளைத் தொடங்குங்கள்

சித்தூர் வட்டாரத்துப் புழுங்கல் அரிசி மில்லின் உமி பாய்லரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 3,000 கிலோ நீராவி, கேஜ் அழுத்தம் (மானி காட்டுவது, வளிமண்டல அழுத்தம் சேராதது) சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ, நீராவியின் என்தால்பி (ஒரு கிலோ நீராவியில் உள்ள மொத்த வெப்பம்) 665 கிலோ கலோரி, ஊட்டுநீர் 60 டிகிரி. மணிக்கு 800 கிலோ உமி எரிகிறது. உமியின் மொத்தக் கலோரி மதிப்பு கிலோவுக்கு 3,100 கிலோ கலோரி.

நேரடி முறையில் திறன்: நீராவி பெற்ற வெப்பம் 3,000 × (665 − 60) = 18,15,000 கிலோ கலோரி. உமி தந்த வெப்பம் 800 × 3,100 = 24,80,000 கிலோ கலோரி. வகுத்தால் 73.2%. ஒரு கிலோ உமிக்கு 3.75 கிலோ நீராவி.

இந்தச் சின்னக் கணக்கிலேயே மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, 60-ஐக் கழிக்க மறப்பது. அப்படிச் செய்தால் திறன் 80% தாண்டிவிடும், பார்க்க நம்பும்படியாகவும் இருக்கும். இரண்டு, என்தால்பியை நீராவி அட்டவணையில் பார்க்கச் சொன்னால் 10-க்கு நேராகப் பார்ப்பது. அட்டவணை பெரும்பாலும் முழு அழுத்தத்தில் இருக்கும், கேஜ் 10 என்றால் முழு அழுத்தம் சுமார் 11. மூன்று, மொத்தக் கலோரி மதிப்பா நிகர மதிப்பா என்று பார்க்காமல் போடுவது. ஒரே பாய்லருக்கு நிகர மதிப்பில் திறன் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் ஈரம் ஆவியாகப் போகும் வெப்பத்தை அது கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்து இதே மில்லில் கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து வரும் சுடுநீரை) திருப்பி எடுத்து ஊட்டுநீரை 80 டிகிரிக்கு ஏற்றுங்கள். திறன் மாறவில்லை என்று வைத்தால் தேவைப்படும் உமி 800 × 585 ÷ 605 = 773.55 கிலோ. மணிக்கு 26.45 கிலோ மிச்சம், அதாவது 3.3%. ஊட்டுநீர் 6 டிகிரி ஏறினால் எரிபொருள் 1% குறையும் என்று புத்தகத்தில் வருகிற விதியோடு சேர்த்துப் பாருங்கள்: 20 ÷ 6 = 3.33. இரண்டும் பொருந்துகின்றன. கொள்குறி வினாவில் அந்த விதி 20 நொடியில் விடை தரும், 10 மதிப்பெண் வினாவில் முழுக் கணக்கும் எழுத வேண்டும்.

மில் நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் மிச்சம் 79,350 கிலோ உமி. கலோரி மதிப்பால் பெருக்கினால் சுமார் 24.6 டன் எண்ணெய்ச் சமம். உமி கிலோ 4 ரூபாய் என்று வினாவில் தந்தால் ஆண்டு மிச்சம் 3,17,400 ரூபாய். திட்டச் செலவு 6 லட்சம் என்றால் முதலீடு 1.89 ஆண்டில் திரும்பிவிடும். இந்தக் கடைசி வரி முதல் தாளின் நிதி அத்தியாயம். இப்படி ஒரே ஆலையின் எண்களை இரண்டு தாளுக்கும் இழுத்துப் போட்டால் படிப்பு இரட்டிப்பாகப் பயன்படும். கரிம உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் நிதானியுங்கள். உமி உயிர்மப் பொருள், நிலக்கரிக்குள்ள உமிழ்வு எண்ணை அதற்குப் போடக் கூடாது.

மறைமுக முறைக்கு இதைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள், நீளமான வினா பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். வரிசை மாறக் கூடாது. முதலில் கோட்பாட்டுக் காற்று (ஒரு கிலோ எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்று): [11.6 × கார்பன் + 34.8 × (ஹைட்ரஜன் − ஆக்சிஜன் ÷ 8) + 4.35 × கந்தகம்] ÷ 100. பிறகு மிகைக் காற்று: புகையின் ஆக்சிஜன் சதவீதத்தை, 21-லிருந்து அதைக் கழித்த எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். புகையில் 7% ஆக்சிஜன் என்றால் 7 ÷ 14, அதாவது 50% மிகைக் காற்று. பிறகு உண்மைக் காற்று, உலர் புகை இழப்பு, ஹைட்ரஜன் இழப்பு, எரிபொருள் ஈர இழப்பு, காற்று ஈர இழப்பு, கார்பன் மோனாக்சைடு, சாம்பல், கதிர்வீச்சு. எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழிக்க வேண்டும்.

எரிபொருளில் இருக்கும் ஆக்சிஜனும் புகையில் அளந்த ஆக்சிஜனும் வேறுவேறு. முதல் வாய்பாட்டில் எரிபொருளுடையது, இரண்டாவதில் புகையுடையது. இதை மாற்றிப் போட்டால் அதற்குக் கீழுள்ள ஒவ்வொரு வரியும் தவறாகும். உமியிலும் விறகிலும் எரிபொருள் ஆக்சிஜன் அதிகம் என்பதால் பிழையும் பெரிதாக இருக்கும்.

ஐந்தாம் படி: மூன்றாம் தாள்

மின்காரணியில் (பவர் ஃபேக்டர், அதாவது கிலோவாட்டை கே.வி.ஏ.வால் வகுத்த எண்) தொடங்குங்கள். 500 கிலோவாட் சுமை, மின்காரணி 0.80-லிருந்து 0.98-க்கு உயர வேண்டும். கெப்பாசிட்டர் அளவு 500 × (0.750 − 0.203) = சுமார் 273.5 கே.வி.ஏ.ஆர். அடைப்புக்குள் இருப்பவை அந்தந்தக் கோணத்தின் டேன் மதிப்புகள். மின்காரணிகளையே நேராகக் கழிப்பவர்கள் நிறைய. கே.வி.ஏ. 625-லிருந்து 510-க்கு இறங்கும். கே.வி.ஏ. அளவை வைத்துப் போடும் டிமாண்டுக் கட்டணம் மிச்சமாவது இதனால்தான். மில்லுக்குள் ஓடும் மோட்டாரின் கிலோவாட் அப்படியே இருக்கும்.

பம்பில், மணிக்கு 90 கன மீட்டர், மொத்த ஹெட் (பம்பு தர வேண்டிய அழுத்தம், நீர் உயரமாகச் சொன்னது) 30 மீட்டர், மோட்டார் உள்ளீடு 14 கிலோவாட், மோட்டார் திறன் 90% என்று வரும். நீர்த்திறன் 0.025 × 30 × 9.81 = 7.36 கிலோவாட். பம்பின் திறன் 7.36 ÷ (14 × 0.9) = 58.4%. 14-ஆல் நேராக வகுத்தால் 52.6% வரும், அது பம்பும் மோட்டாரும் சேர்ந்த திறன். கேள்வி எதைக் கேட்கிறது என்று அடிக்கோடு போடுங்கள்.

வேகம் 20% குறைந்தால் மின்திறன் 0.8-இன் மும்மடிப் பெருக்கம், அதாவது 51.2% ஆகும். உராய்வு மட்டுமே உள்ள அமைப்புக்கு இது பொருந்தும். தண்ணீரை உயரத் தொட்டிக்கு ஏற்றும் இடத்தில் நிலை ஹெட் (வேகம் குறைந்தாலும் மாறாத உயரம்) இருப்பதால் மிச்சம் இந்த அளவுக்கு வராது.

கூலிங் டவரில் வெயிலை நம்பாதீர்கள். பாலக்காட்டில் மார்ச்சில் வெப்பமானி 40 காட்டினாலும் கணக்குக்கு வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது. உள்ளே வரும் தண்ணீர் 38, வெளியே போவது 32, ஈரக்குமிழ் 27 என்றால் ரேஞ்ச் 6, அப்ரோச் 5, செயல்திறன் 6 ÷ 11 = 54.5%.

கம்ப்ரசர் கசிவு, விளக்கு, டி.ஜி. செட் ஆகியவற்றைப் பழைய வினாத்தாள்களை வைத்துப் பழகினாலே போதும்.

ஆறாம் படி: முதல் தாளை லேசாக எண்ணாதீர்கள்

கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ளவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2022-இல் அதற்கு வந்த திருத்தம், குறித்தளிக்கப்பட்ட நுகர்வோர் (அதிக ஆற்றல் செலவிடுபவை என்று அரசு அறிவித்த ஆலைகள்), சட்டத்தை மாநிலத்தில் செயல்படுத்தும் முகமை ஆகியவற்றின் பொறுப்புகளைத் தெளிவாகப் படியுங்கள். கேரளத்துக்கு அந்த முகமை திருவனந்தபுரத்தில் உள்ள எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர். நிதியில் நிகர இன்றைய மதிப்பு, உள் வருவாய் வீதம், திட்ட மேலாண்மையில் முக்கியப் பாதை, கண்காணிப்பில் கியூசம் (எதிர்பார்த்த ஆற்றல் செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசங்களைத் தொடர்ந்து கூட்டிவருவது). கியூசமில் கூட்டல் கழித்தல் குறி ஓரிடத்தில் மாறினால் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும்.

காற்றாலைக்கு நம் கண்ணெதிரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் நிறுவியது 225 கிலோவாட் காற்றாலைகள் ஒன்பது, மொத்தம் 2.025 மெகாவாட். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு.

ஏழாம் படி: நான்காம் தாளும் தேர்வு நாளும்

புத்தகம் இருக்கிறதே என்று நான்காம் தாளுக்குப் பழகாமல் போகிறவர்களுக்கு 2 மணி நேரம் போதாது. நீராவி அட்டவணை, சைக்ரோமெட்ரிக் அட்டவணை (காற்றின் ஈரப்பதம், வெப்பநிலை காட்டுவது), வெப்பப் பரிமாற்றி, டர்பைன் ஆகிய பக்கங்களுக்கு மட்டும் ஒட்டுச்சீட்டு வையுங்கள். நாற்பது சீட்டு ஒட்டினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இங்கே 20 மதிப்பெண் நெடுங்கணக்குகளே தாளைத் தீர்மானிக்கின்றன. சிமெண்ட், ஜவுளி, அனல்மின் போன்ற துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் வரும். வாளையார் சிமெண்ட் ஆலையில் இருப்பவர் சிமெண்டையும், கோவை மில்லில் இருப்பவர் ஜவுளியையும் முன்கூட்டியே முடிவுசெய்து அதையே ஆழமாகப் படியுங்கள். ஹாலில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் 10 நிமிடம் போய்விடும்.

முதல் மூன்று தாள்களுக்கு நேரத்தைக் கொள்குறிக்கு 40 நிமிடம், 5 மதிப்பெண் வினாக்களுக்கு தலா 6 நிமிடம், 10 மதிப்பெண் வினாக்களுக்கு தலா 12 நிமிடம் என்று பிரியுங்கள். மொத்தம் 160 நிமிடம், மீதி 20 நிமிடம் அலகுகளைச் சரிபார்க்க. கால்குலேட்டர் புரோகிராம் வசதி இல்லாததாக இருக்கட்டும். பழகிய அதே கருவியையே கொண்டுபோங்கள். வாய்பாடு, எண்களைப் பொருத்திய வரி, அலகோடு விடை என்று மூன்று வரியாக எழுதுங்கள். கடைசி எண் தப்பினாலும் திருத்துகிறவருக்கு உங்கள் வழி தெரியும்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிய அத்தியாயம் தொடங்க வேண்டாம். அந்த வாரம் பழைய வினாத்தாளிலிருந்து நாளுக்கு இரண்டு கணக்கு மட்டும் போடுங்கள். தேர்வுக்கு முந்தைய மாதம் முதல், கடிகாரத்தை முன்னால் வைத்து ஒவ்வொரு தாளையும் இரண்டு முறையாவது முழுதாக எழுதிப் பாருங்கள்.