ஜெர்க் சிக்கன் விங்ஸ்: விருந்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கே கெட்டுப்போகிறது?

கரீபியன் பாணி சிக்கன் விங்ஸ் என்றால் பெரும்பாலும் ஜமைக்காவின் ஜெர்க் முறையைத்தான் சொல்கிறோம், அதாவது காரமான மசாலா தடவி மரப்புகையில் நிதானமாக வேகவைப்பதை. கிரில் பக்கத்திலேயே நின்று சுடச்சுடத் தின்னும்போது குறைகள் அவ்வளவாகத் தெரியாது. அதையே பாத்திரத்தில் அடைத்து, வண்டியில் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து விருந்து மேசையில் திறக்கும்போதுதான் எல்லாம் அம்பலமாகும்: தோல் சவசவ, மேலே கசப்பு, எலும்போரம் வேகாத சதை. கிரில்லிலிருந்து எடுக்கும் நேரத்தை வைத்துத் திட்டமிடாமல், சாப்பிடும் நேரத்தை வைத்துத் திட்டமிட்டால் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்காது.

பெரிய தவறு தீயில்தான் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஜமைக்காவின் மலைக்காடுகளில் வாழ்ந்த மரூன் மக்களோடு சேர்த்துச் சொல்லப்படும் சமையல் இது. அவர்கள் பன்றி இறைச்சியை, ஆல்ஸ்பைஸ் என்ற மசாலா காய்க்கும் பிமென்டோ மரத்தின் கட்டைப் புகையில் நிதானமாக வேகவைத்தார்கள். கோழி பிறகு வந்து சேர்ந்தது. ஜெர்க்குக்குப் பேர்போன போர்ட்லண்ட் பகுதியின் பாஸ்டன் பேயில் இன்றும் தணலுக்கு மேல் கட்டைகளை அடுக்கி, அதன் மேல் இறைச்சியைப் பரப்பி, தகரத்தால் மூடிச் சமைக்கிறார்கள். சுவாலை இறைச்சியை நக்குவதில்லை. நாமோ கரி முழுக்கக் கொழுந்துவிட்டு எரியும்போதே விங்ஸை நேராக அதன் மேல் போடுகிறோம். மசாலாவில் பழுப்புச் சர்க்கரை இருக்கிறது, தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பும், சர்க்கரை ஐந்தே நிமிடத்தில் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். கரி இல்லாத பக்கத்தில் விங்ஸை அடுக்கி, மூடி போட்டு, 190 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 35 நிமிடம் போல விடுங்கள். நடுவில் ஒரு தடவை திருப்பினால் போதும். கேஸ் கிரில்லாக இருந்தால் ஒரு பக்கத்து பர்னரை மட்டும் எரியவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடம் நேர்த்தணலுக்குக் கொண்டுபோய் நிறம் ஏற்றலாம். இனிப்பு சாஸ் தடவுவதாக இருந்தால் அதற்கும் இதுதான் நேரம். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசை வரும். திறக்கும் ஒவ்வொரு முறையும் சூடும் புகையும் வெளியே போகும். பிமென்டோ கட்டை எல்லா இடத்திலும் கிடைக்காது. ஒரு கைப்பிடி ஆல்ஸ்பைஸ் மணிகளை நனைத்துத் தணலில் போடுங்கள். அதே மரத்தின் காய்தான், புகையும் கிட்டத்தட்ட அந்த வாசனைக்கு வரும்.

ஆல்ஸ்பைஸைப் பல மசாலா கலந்த பொடி என்று நினைத்து அந்த இடத்தில் வேறெதையாவது கொட்டுவதும் நடக்கிறது. ஜெர்க்கின் முதுகெலும்பு இரண்டு: ஆல்ஸ்பைஸ், ஸ்காட்ச் பானட் மிளகாய். தைம் இலை, வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, சோயா சாஸ் எல்லாம் அவற்றைச் சுற்றி வருபவை. ஸ்காட்ச் பானட்டில் காரம் மட்டுமல்ல, பழ வாசனையும் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஹாபனேரோ மிளகாய் போடலாம். வெறும் மிளகாய்த்தூள் அந்த வேலையைச் செய்யாது. காரம் கூடுதலாகப்பட்டால் விதையை மட்டும் உதிர்த்தால் பயனில்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கையுறை இல்லாமல் நறுக்கிவிட்டுக் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

ஊறவைப்பதில் ‘அதிக நேரம், அதிக ருசி’ என்று ஒரு நம்பிக்கை. உப்பு உள்ளே இறங்கும், மற்ற வாசனைகள் பெரும்பாலும் மேல்பரப்பிலேயே நிற்கும். எலுமிச்சைச் சாற்றை அள்ளி ஊற்றி இரவு முழுக்க வைத்தால் சதையின் மேல்பகுதி மாவு மாதிரி ஆகிவிடும். சாற்றைக் குறைத்துக்கொண்டு மீதியைப் பரிமாறும்போது பிழியலாம். அன்னாசி விஷயம் இன்னும் மோசம். சூடுபடுத்தாத அன்னாசிச் சாற்றில் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. ஒரு ராத்திரியில் கோழி கூழாகிவிடும். டப்பா அன்னாசியைச் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அன்னாசி போட்டால்தான் கரீபியன் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, ஜெர்க்குக்கு அது தேவையே இல்லை. அப்புறம், சோயா சாஸ் ஏற்கெனவே உப்பு. அதை மறந்து வழக்கமான அளவு உப்பையும் போட்டால் மீட்க முடியாது.

ஊறிய விங்ஸை மசாலா வழிய வழிய அப்படியே கிரில்லில் போடுவதையும் விட்டுவிடுங்கள். ஈரம் ஆவியாகி முடியும்வரை தோல் முறுகாது. மேலே திட்டுத்திட்டாக இருக்கும் வெங்காயத்தாளையும் இஞ்சியையும் வழித்துவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துப் போடுங்கள். கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம், கிருமிகள் சுற்றிலும் தெறிப்பதுதான் மிச்சம். பச்சைக்கோழி ஊறிய மசாலாவைக் கொதிக்கவைக்காமல் சாஸாகத் தடவவும் வேண்டாம். தடவுவதற்கென்று கொஞ்சத்தை முதலிலேயே தனியாக எடுத்துவைத்தால் தீர்ந்தது.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஜெர்க் மசாலா வேகும் முன்பே கருப்பாகத்தான் இருக்கும். தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் சதையின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி வந்துவிட்டால் பாதுகாப்பு. ஆனால் நான் அங்கே நிறுத்த மாட்டேன். இறக்கையில் இணைப்புத்திசு அதிகம், 80 தாண்டி 85 வரை போகும்போதுதான் அது இளகிச் சதை எலும்பை விடும். நெஞ்சுக்கறி இந்தச் சூட்டில் வறண்டுபோகும், இறக்கை போகாது.

சரி, கொண்டுபோவது. கிரில்லிலிருந்து எடுத்த சூட்டோடு ஆழமான டப்பாவில் கொட்டி ஃபாயிலை இறுக்கி மூடினால், அதன் ஆவியிலேயே தோல் ஊறி ரப்பராகிவிடும். பக்கத்து இடம்தான் என்றால் கம்பித்தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி எடுத்துப் போங்கள். தூரம் என்றால் சூடாகக் கொண்டுபோகும் முயற்சியே வீண். முழுக்க வேகவைத்து, சின்னச்சின்னத் தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்வித்து, ஐஸ் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே 200 டிகிரி ஓவனிலோ கிரில்லிலோ பத்து நிமிடம் போல வைத்து, உள்சூடு மறுபடி 74 வந்ததும் எடுத்தால் தோல் மீண்டும் முறுகும். பாதி வேக்காட்டில் எடுத்துப்போய் அங்கே மீதியை முடிக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அரைச்சூட்டில்தான் கிருமிகள் பெருகும்.

விருந்து மேசையில் 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வழியில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. வெயிலில், 32 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்து வைக்காமல் இரண்டு மூன்று தட்டுகளாகப் பிரித்து வெளியே கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்கும் காரம் ஆகாதவர்களுக்கும் ஸ்காட்ச் பானட் இல்லாத ஒரு தட்டைத் தனியாகச் செய்து, மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். சாதாரண சோயா சாஸில் கோதுமையும் இருக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் யாராவது வருகிறார்களா என்று விருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.