தென்கிழக்கு ஆசியக் கலை வரலாறு: கூட்டு ஆய்வு எங்கே சறுக்குகிறது?

பாங்காக் கண்காட்சிக் கையேடு ஒன்றில் ஆண்டு 2517 என்று அச்சாகியிருக்கிறது. புத்த ஆண்டு அது. 543-ஐக் கழித்தால் 1974. தாய்லாந்துக்காரர் யாரும் இதை விளக்கமாட்டார், அவருக்கு இது விளக்க வேண்டிய செய்தியே அல்ல. 1941-க்கு முந்தைய தாளானால் இன்னொரு சிக்கல்: அப்போது அங்கே ஆண்டு ஏப்ரலில் பிறந்தது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளுக்கு 542-ஐத்தான் கழிக்க வேண்டும். நான்கைந்து நாட்டவர் சேர்ந்து ஒரு வட்டாரத்தின் கலை வரலாற்றை எழுதும்போது பிழைகள் இப்படித்தான் நுழைகின்றன. ஒருவருக்குச் சொல்லாமலே தெரிந்தது, மற்றவருக்குக் கேட்கவே தோன்றாது.

பெயர்களும் அப்படியே. வியட்நாமில் குடும்பப் பெயர் முன்னால் வரும். பலருக்கும் பொதுவான ‘நுயென்’ என்பதை மட்டும் குறித்துவைத்தால் யாரென்றே தெரியாது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இந்தோனேசியாவில் 1972-இல் எழுத்துக்கூட்டல் மாறியது. பழைய கூட்டலிலும் தேடாவிட்டால் பழைய இதழ்கள் கையில் சிக்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கும் படிவங்களோடு மல்லுக்கட்டிய நமக்கு இந்தத் தொல்லை புதிதல்ல.

அடுத்தது ‘முதல்’ என்ற மோகம். 1974-இல் கோலாலம்பூரில் மலேசியக் கலைஞர்கள் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் பறவையைத் திறந்துவிட்டபின் மிஞ்சிய காலிக் கூண்டைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜகார்த்தாவில் இளம் கலைஞர்கள் ஓவியப் போட்டி நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்துக் கிளம்பினார்கள். சிங்கப்பூரில் கலைஞர் தாங் டா வூ ‘கலைஞர் கிராமம்’ என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியது 1988-இல். மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி, புதுவகைக் கலையில் சிங்கப்பூர் 14 ஆண்டு பிந்திவிட்டது என்று எழுதுவது ஓட்டப்பந்தய வருணனை. கோலாலம்பூர்க்காரர் இருவருக்கு மேற்கத்திய நவீனக் கலையின் பிடியோடு பிணக்கு. ஜகார்த்தாக்காரர்களுக்குத் தங்கள் மூத்தவர்களோடு பிணக்கு. நாட்டுவாரியாகப் பெட்டி போடுவதும் உதவாது: தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, மலேசியாவில் பெயர் பெற்ற சையத் தாஜுதீனை எந்தப் பெட்டியில் அடைப்பீர்கள்?

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. மன்னிக்க முடியாததாக எனக்குப் படுவது வேறு. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை, கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சியில், கலைஞர்கள் பலர் மடிந்தார்கள், தாள்களும் அழிந்தன. அங்கே முதியவர் ஒருவரின் நினைவுதான் ஆவணக் காப்பகம். அவரோடு உட்கார்ந்து கெமர் மொழியில் பேசி, எதைக் கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்பவரை அறிக்கையில் ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கேள்விகளை வகுக்கும் நாளிலேயே அவர் ஆசிரியர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

ஓவியர் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கடிதங்களின் நகல்கள் பணக்கார நகரத்துக்கு மட்டும் போய்ச் சேரக் கூடாது. ஒரு முழுத் தொகுதி அந்த வீட்டிலும் இருக்கட்டும். தாள்களை இருந்த வரிசையிலேயே திரும்ப வையுங்கள். அந்த வரிசையை அடுக்கியது ஓவியரின் கையாகவே இருக்கலாம்.