ஒரு கயிற்றைக் கொண்டு உணவுப்பாதையைக் கற்றல்: தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை

பாடநூல் படத்தில் உணவுப்பாதை முழுவதும் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடுவதால், அதன் பகுதிகளின் நீளம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது மாணவர் கண்ணில் படுவதேயில்லை. நீளத்தை அறிந்தால் அந்தப் பகுதியின் வேலை பாதி விளங்கிவிடும். உணவைக் கடத்த மட்டுமே செய்யும் பகுதி குட்டையாக இருக்கிறது. சத்தை உறிஞ்சும் பகுதியோ பல மீட்டர் நீள்கிறது. இதைக் கண்ணால் கண்டு கற்பதற்கான எளிய செய்முறை இது.

தேவையானவை: 9 மீட்டர் நீளமுள்ள, எளிதில் வளையும் கயிறு, தையல் அளவு நாடா, பல நிறங்களில் கம்பளி நூல், சாக்பீஸ், ஒரு மொட்டைமாடி அல்லது நீண்ட தாழ்வாரம். கயிற்றில் முடிச்சுப் போட்டால் அதன் நீளம் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அளவையும் கம்பளி நூல் கட்டியே குறியுங்கள். கீழே தரப்படும் அளவுகள் வளர்ந்த ஒருவருக்கான சராசரிகள்.

படி 1: வாயும் தொண்டையும்

கயிற்றின் ஒரு முனையை முன்பற்கள் எனக் கொண்டு, 15 செ.மீ. தொலைவில் முதல் நூலைக் கட்டுங்கள். பற்கள் உணவை அரைக்கும்போதே, மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்து வரும் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். விழுங்கும் நொடியில் குரல்வளை மூடி சாய்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்கிறது.

படி 2: உணவுக்குழாய்

அங்கிருந்து 25 செ.மீ. அளந்து, 40 செ.மீ. குறியில் அடுத்த நூலைக் கட்டுங்கள். இங்கே செரிமானமும் இல்லை, உறிஞ்சுதலும் இல்லை. குழாயின் தசைகள் உணவுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அலைபோல் அதைக் கீழே தள்ளுகின்றன. ஒரு கவளம் சுமார் பத்து நொடிகளில் இதைக் கடந்துவிடும்.

படி 3: இரைப்பை

65 செ.மீ. குறி வரையுள்ள 25 செ.மீ. பகுதி இரைப்பை. நீளத்தில் உணவுக்குழாயை ஒத்திருந்தாலும் இது பையாக விரிந்து ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வரை கொள்ளும். வழக்கமான ஒருவேளை உணவு இங்கே இரண்டு முதல் நான்கு மணி நேரம் தங்கும். மூன்று அடுக்குத் தசைகள் உணவைப் பிசைகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிருமிகளைக் கொல்வதோடு, பெப்சின் நொதியைச் செயல்படவைத்துப் புரதத்தை உடைக்கத் துணைபுரிகிறது.

இரைப்பை அரைப்பது மட்டுமா செய்கிறது, வேதியியல் முறையிலும் உணவைச் சிதைக்கிறதா என்ற ஐயம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தது. 1822-இல் அமெரிக்காவின் மேக்கினா தீவில் துப்பாக்கிச் சூட்டுக் காயமடைந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் இரைப்பையில் ஒரு துளை மூடாமலேயே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சையளித்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை அத்துளை வழியே இறக்கி, சில மணி நேர இடைவெளிகளில் வெளியே எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்துச் சூடாக வைத்தபோது, உடலுக்கு வெளியிலும் அது இறைச்சியைக் கரைத்ததைக் கண்டார். இந்த அறிவுக்காக அந்த இளைஞர் பல ஆண்டுகள் தாங்கிய துன்பத்தையும் மாணவருக்குச் சொல்லித்தான் கற்பிக்க வேண்டும்.

படி 4: முன்சிறுகுடல்

அடுத்த 25 செ.மீ., அதாவது 90 செ.மீ. குறி வரை, முன்சிறுகுடல். இப்பகுதியின் நடுவில் பச்சை நூல் ஒன்றையும் மஞ்சள் நூல் ஒன்றையும் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். பச்சை, கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேமிக்கப்படும் பித்தநீரைக் குறிக்கும். மஞ்சள், கணைய நீரைக் குறிக்கும். பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணைய நீர் இரைப்பை அமிலத்தைச் சமன்செய்து, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளைத் தருகிறது. கல்லீரலும் கணையமும் பக்கத்து நூல்களாகவே இருப்பதைக் கவனியுங்கள்: உணவு அவற்றின் வழியே செல்வதில்லை. தேர்வில் பலர் தவறவிடும் இடம் இது.

படி 5: நடுச்சிறுகுடலும் பின்சிறுகுடலும்

இப்போதுதான் கயிறு உண்மையில் நீளத் தொடங்குகிறது. 2.5 மீட்டர் அளந்து 3.40 மீட்டரில் ஒரு நூலையும், மேலும் 3.5 மீட்டர் அளந்து 6.90 மீட்டரில் மற்றொன்றையும் கட்டி, கயிற்றை நீட்டிப் போட்டு அதன் ஓரமாக நடந்து பாருங்கள். நடக்கும் தொலைவில் பெரும்பகுதி சிறுகுடலாகவே இருக்கும். இந்த நீளம் போதாதென்று, உட்சுவர் மடிப்புகளாகவும், அவற்றின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள குடலுறிஞ்சிகளாகவும், உறிஞ்சிகளின் செல்கள் மீது இன்னும் நுண்ணிய நீட்சிகளாகவும் பெருகியிருக்கிறது. இதன் பரப்பை 200 சதுர மீட்டருக்கு மேல் எனப் பழைய நூல்கள் கூறின. 2014-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று ஏறத்தாழ 30 சதுர மீட்டர் என அளந்தது. இந்தப் புதிய அளவையே கற்பிப்பது நேர்மையானது என்று கருதுகிறேன். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் குடலுறிஞ்சியின் இரத்த நுண்குழாய்களுக்குள்ளும், கொழுப்பு அதன் நடுவிலுள்ள நிணநீர்க் குழலுக்குள்ளும் செல்கின்றன. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில். அப்பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களுக்கு அதை ஊசியாகச் செலுத்த நேர்வது இதனால்தான்.

உயிருள்ள உடலில் தசைகள் இறுக்கத்துடன் இருப்பதால் சிறுகுடல் இதைவிடக் குட்டையாக இருக்கும். இறந்தபின் தசை தளர்ந்த நிலையில் எடுத்த அளவே பாடநூல்களில் உள்ளது.

படி 6: பெருங்குடல்

அடுத்த 1.5 மீட்டரை 8.40 மீட்டர் வரை குறித்து, எஞ்சிய கயிற்றை வெட்டிவிடுங்கள். குடித்ததும் சுரந்ததுமாக நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் நீர்மம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதன் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிட, பெருங்குடல் எஞ்சியதிலும் பெரும்பங்கை மீட்டுக்கொள்கிறது. இங்கு வாழும் நுண்ணுயிரிகள் செரிக்காத நார்ச்சத்தை நொதிக்கச் செய்வதோடு, வைட்டமின் கே-யையும் உருவாக்குகின்றன.

படி 7: வயிற்றுக்குள் அடுக்குதல்

தரையில் சாக்பீஸால் ஓர் ஆளின் உருவை வரைந்து, வாயிலிருந்து முன்சிறுகுடல் வரையுள்ள கயிற்றை அதன் இடத்தில் வையுங்கள். உருவம் உங்களைப் பார்த்திருப்பதால் அதன் வலப்பக்கம் உங்களுக்கு இடப்பக்கமாகும். அடுத்து, சிறுகுடலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெருங்குடலை முதலில் அமையுங்கள்: உருவத்தின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறம் இறங்கி, நடுவிலுள்ள மலக்குடலில் முடிய வேண்டும். பிறகு, அந்தச் சட்டத்துக்குள் சிறுகுடலைச் சுருள் சுருளாக மடித்து வையுங்கள். ஒரு சுருளும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. உடலில் இச்சுருள்களைக் குடல்தாங்கி என்னும் சவ்வு பின்சுவரோடு பிணைத்து வைத்திருக்கிறது, அதன் வழியாகவே குடலுக்கான இரத்தக் குழாய்களும் வருகின்றன.