பள்ளத்தாக்கு ஊரில் புகை எப்போது தேங்கும்? கம்பம் நகரை வைத்துக் கணிக்கும் முறை

தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை. தேனிப் பக்கம் மட்டும் திறந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. இப்படிப்பட்ட ஊரில் எவ்வளவு குப்பை எரிகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு எரிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மார்கழி, தையில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில் தரை வேகமாகக் குளிர்கிறது. மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதற்கு மேல் சூடு கூடிய காற்று மூடியாக உட்கார்ந்துவிடும். பாடப் புத்தகத்தில் வெப்பத் தலைகீழ் நிலை என்பது இதுதான். வெளிச்சம் வந்தவுடன், 6.30 மணி வாக்கில், கம்பம்மெட்டு மலைப்பாதையில் கொஞ்சம் ஏறி நின்று ஊரைப் பாருங்கள். அடுப்புப் புகை நேராக எழும்பி, ஓர் உயரத்துக்குமேல் போக முடியாமல், வேட்டியை விரித்ததுபோலப் பக்கவாட்டில் படர்ந்தால் மூடி அந்த உயரத்தில் இருக்கிறது.

கண்ணுக்குப் பிடிபடாத நாளில் இரண்டு வெப்பமானிகள் போதும். முதலில் இரண்டையும் அரை மணி நேரம் ஒரே நிழலில் வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் நாம் தேடுவதே ஒரு டிகிரிக்கும் குறைவான வித்தியாசத்தை. பிறகு ஒன்றை ஊருக்குள்ளும் இன்னொன்றை மலைப்பாதையில் ஊரைவிட 100 மீட்டர் உயரமான இடத்திலும், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம், பகல் சூட்டைச் சுவர் விடிய விடிய விட்டுக்கொண்டிருக்கும். வண்டியில் கொண்டுபோனால் 10 நிமிடம் ஆறவிட்டு, சூரியன் எழுமுன் பாருங்கள். வழக்கமாக மேலே சுமார் 0.6 டிகிரி குறைவாக இருக்கும். அதற்கு மாறாக மேலே கூடுதலாக இருந்தால் மூடி விழுந்திருக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானால்தான், பெரும்பாலும் 9 மணிக்குமேல், அது உடையும்.

காற்றிலுள்ள தூசியை அளக்கும் சென்சார் வாங்கி வைப்பவர்கள் அதை டீக்கடை, சமையலறைப் புகைபோக்கி, பஸ் நிறுத்தம் ஆகியவற்றுக்கு அருகில் மாட்டக் கூடாது. அங்கே மாட்டினால் அந்த அடுப்பின் அளவுதான் கிடைக்கும், ஊரின் அளவு கிடைக்காது. விலை குறைந்த லேசர் சென்சார் பனித்துளியையும் தூசியாக எண்ணிவிடும். பனி விலகியபின் எண் சட்டென இறங்கினால் அது ஈரம், இறங்காமல் நின்றால் புகை. பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. விடிகாலை எண்ணை மட்டும் வைத்துப் பதறவும் வேண்டாம், மதிய எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் வேண்டாம். நாள் முழுக்க எடுத்த சராசரியைத்தான் வரம்போடு ஒப்பிட வேண்டும்.

ஆண்டிலேயே மோசமான சேர்க்கை போகிப் பண்டிகை விடிகாலைதான். மூடி கனமாக இருக்கும் நேரத்தில் பழைய பாய், டயர், பிளாஸ்டிக் எல்லாம் தெருவுக்குத் தெரு எரியும். டயரும் பிளாஸ்டிக்கும் எந்த நேரத்திலும் எரிக்கக் கூடாதவை. தெரு கூட்டுகிறவர்கள் சருகைக் குவித்துக் காலையில் தீ வைப்பதும் இதே தவறு. குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்தால் அதுவே எருவாகும்.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று புகையை நிற்கவிடாது. ஆனால் மண் சாலைப் புழுதி கிளம்பும், அப்போது பி.எம். 10 எனப்படும், 10 மைக்ரான் வரையுள்ள துகள்களின் அளவைக் கவனியுங்கள். ஐப்பசி மழை காற்றைக் கழுவிவிடும், மழை விட்ட இரவுகளில் ஈர விறகுப் புகைதான் தொல்லை.

மாசி முதல் சித்திரை வரை மலையில் காட்டுத்தீ பிடிக்கும் காலம். பகலில் சரிவேறி மேலே போகும் புகை, பொழுது சாய்ந்ததும் மலைக்காற்றோடு ஊருக்குள் இறங்கும். மலையில் தீ தெரியும் நாளில் மாலை 6 மணிக்கே மலைப்பக்க ஜன்னல்களைச் சாத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை மொட்டைமாடியில் படுக்க வைக்காதீர்கள். காலை நடையை 9 மணிக்குமேல் தள்ளுங்கள்.